‘விவரி’ என்றால் எத்தனை பக்கம்?

பாளையங்கோட்டையில் பி.காம் முடித்துவிட்டு, முதலீட்டு ஆய்வுக்கான சிஎஃப்ஏ தேர்வுக்கோ நிதி அபாய மேலாண்மைக்கான எஃப்ஆர்எம் தேர்வுக்கோ படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வாசகம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. “எல்ஓஎஸ்லாம் சும்மா அலங்காரத்துக்குண்ணே. பரீட்சைக்கு வாறது கேள்விதான, அதைப் போட்டுப் பாத்தா போதாதா?” சீனியர் சொல்லி ஜூனியர் கேட்டு, அடுத்த வருசம் அந்த ஜூனியரே சீனியராகி, பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடையில் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்கிறவர்கள் சோம்பேறிகளாக இருந்தால் கேட்டுவிட்டுப் போய்விடலாம். அவர்கள் அப்படி இல்லை. தடித்தடியாக இருக்கும் பாடத்தொகுதிகளை இரண்டு தடவை வரி விடாமல் படித்தவர்கள், பக்கம் பக்கமாக மஞ்சள் மார்க்கர் இழுத்தவர்கள். அப்படியும் மாதிரித் தேர்வில் ஐம்பத்து ஐந்திலும் ஐம்பத்து எட்டிலும் போய் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாவது தடவையும் அதே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுக்கிறார்கள்.

சிஎஃப்ஏவில் எல்ஓஎஸ் (லேர்னிங் அவுட்கம் ஸ்டேட்மென்ட்) என்றும் எஃப்ஆர்எம்மில் லேர்னிங் அப்ஜெக்டிவ் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் “இதைப் படித்து முடித்தவருக்கு இன்னின்னது செய்ய வரவேண்டும்” என்று நாலைந்து வரி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் விவரி, ஒப்பிடு, கணக்கிடு என்று வினைச்சொல் இருக்கும். நம் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் பாடத்தின் தொடக்கத்தில் ‘கற்றலின் நோக்கங்கள்’ என்று பெட்டி கட்டிப் போட்டிருப்பார்கள். அந்தப் பெட்டியைப் படித்த மாணவனை யாராவது பார்த்ததுண்டா? அதைத் தாண்டித்தான் பாடமே ஆரம்பிக்கும் என்று பன்னிரண்டு வருசம் பழகிய கண், சிஎஃப்ஏ புத்தகத்திலும் தாண்டித்தான் போகும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் காரணம் அது மட்டுமாகத் தெரியவில்லை. நமக்கு வினைச்சொல் என்றால் நீளம். ‘குறிப்பு வரைக’ என்றால் நாலு வரி. ‘விளக்குக’ என்றால் ஒரு பக்கம். ‘விவரி’ என்றால் கூடுதல் தாள் வாங்கி நூல் கட்ட வேண்டும். கேள்வியின் கடைசிச் சொல் என்ன யோசிக்க வேண்டும் என்று சொன்னதே இல்லை. எவ்வளவு எழுத வேண்டும் என்றுதான் சொல்லிற்று. அப்படிப் பழகியவரிடம், எதுவுமே எழுதத் தேவையில்லாத ஒரு தேர்வைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். சிஎஃப்ஏ முதல் நிலையில் 180 கேள்வி, எல்லாமே மூன்று விடையில் ஒன்றைத் தொடுவது. எஃப்ஆர்எம் முதல் பகுதியில் 100 கேள்வி, நாலு விடையில் ஒன்று. எழுத இடமே இல்லாத தேர்வில் ‘டிஸ்கிரைப்’ ஆனால் என்ன, ‘எவாலுவேட்’ ஆனால் என்ன, எல்லாம் டிக் அடிப்பதுதானே என்று தோன்றுவது நியாயந்தான். அந்த நியாயத்தில்தான் ஓட்டை.

4.65 எங்கிருந்து வந்தது?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, மாதிரித் தேர்வு முடிந்து விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இந்தக் கட்டுரை முழுக்கவே கூட வரும். பத்திரக் கணக்கு அது. மாடிஃபைடு டியூரேஷன் (ஈல்டு மாறினால் விலை எவ்வளவு அசையும் என்ற அளவு) 6.2. கான்வெக்சிட்டி (அந்த அளவுக்கான வளைவுத் திருத்தம்) 50. ஈல்டு (பத்திரம் தரும் வருமான விகிதம்) 75 பேசிஸ் பாயின்ட், அதாவது 0.75%, ஏறுகிறது. பத்திர விலை எத்தனை சதவீதம் மாறும்?

அந்தப் பிள்ளை போட்டது: 6.2 பெருக்கல் 0.0075, மைனஸ் 4.65%. விடைகளில் அது இருந்தது, தொட்டுவிட்டது. சரியான விடை மைனஸ் 4.51%. டியூரேஷன் பகுதியோடு கான்வெக்சிட்டி திருத்தத்தையும் சேர்க்க வேண்டும்: அரை பெருக்கல் 50 பெருக்கல் 0.0075-இன் வர்க்கம், அதாவது 0.0014. மைனஸ் 0.0465-உடன் 0.0014-ஐக் கூட்டினால் மைனஸ் 0.0451. இதையெல்லாம் சொன்ன பிறகும் அதற்குச் சமாதானமாகவில்லை. “சூத்திரத்தை மறந்தது என் தப்புதான், சரி. ஆனா 4.65-ங்கற நம்பர் புத்தகத்துல எங்கயுமே கிடையாதே. நான் இதைத்தான் போடுவேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியும்? மூன்றாவது விடையைப் பார்த்தால் புரியும். அது மைனஸ் 4.37%. அரையால் பெருக்க மறந்தவருக்கு வரும் எண் அது: மைனஸ் 0.0465 கூட்டல் 0.0028. எஃப்ஆர்எம்மாக இருந்து நாலாவது விடை ஒன்றும் தேவைப்பட்டிருந்தால், மைனஸ் 4.79% காத்துக்கொண்டிருக்கும். திருத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்தவருக்கு வருவது. தவறான விடைகள் வாய்க்கு வந்த எண்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சறுக்கலின் பெயர். வினாத்தாள் தயாரிக்கிறவர் முதலில் சரியான வழியைப் போடுகிறார். பிறகு அந்த வழியில் எங்கெங்கே கால் வழுக்கும் என்று பார்த்து, விழுகிற இடத்தில் எல்லாம் ஒரு பாயை விரித்து வைக்கிறார். விழுந்தவர் வசதியாகப் படுத்துக்கொள்வார், விழுந்ததே தெரியாது.

வழுக்கும் இடங்களை அவர் எங்கிருந்து எடுக்கிறார் என்று தேடினால் அந்த எல்ஓஎஸ் வரிக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. தமிழில் சொன்னால் அது இப்படி வரும்: டியூரேஷனும் கான்வெக்சிட்டியும் தரப்பட்டால், ஈல்டு இவ்வளவு மாறும்போது விலை எத்தனை சதவீதம் மாறும் என்று கணக்கிட வேண்டும். இதில் ‘கணக்கிட’ என்பது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் ‘தரப்பட்டால்’ என்பதும். இரண்டு எண்ணையும் கையில் கொடுத்துவிடுவார்கள்; இந்த வரிக்காக நீங்கள் டியூரேஷனை அடியிலிருந்து கட்டி எழுப்ப வேண்டியதில்லை. அதற்கு வேறு வரி இருக்கிறது. ‘இரண்டும்’ தரப்பட்டால் என்பதில் ஒன்றை விட்டுவிட்டவருக்கு வருவதுதான் 4.65. ஒரே வரியில் வேலையும் இருக்கிறது, வேலையின் எல்லையும் இருக்கிறது, பாய் விரிக்கும் இடமும் இருக்கிறது. இதை அலங்காரம் என்று சொல்கிறவரை என்ன சொல்ல!

இதே இடத்தில் இன்னொரு சறுக்கல் உண்டு. அது எந்த எல்ஓஎஸ்ஸிலும் இல்லை. சிஎஃப்ஏவில் அனுமதிக்கிற கால்குலேட்டர் குடும்பம் இரண்டுதான், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிஏ டூ ப்ளஸ், ஹெச்பி 12சி. நம் பக்கம் பெரும்பாலும் பிஏ டூ ப்ளஸ்தான். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அது இரண்டு தசம இடந்தான் காட்டும். 0.0014 என்ற கான்வெக்சிட்டி திருத்தம் திரையில் 0.00 என்று நிற்கும். உள்ளே முழு எண் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் திரையில் கண்டதைத் தாளில் எழுதி, மறுபடி தட்டுகிறவருக்குத் திருத்தமே காணாமல் போய்விடும். மறுபடியும் 4.65! இன்னொன்று, அந்தக் கால்குலேட்டர் தொடக்கத்தில் ‘செயின்’ முறையில் இருக்கும். 1 கூட்டல் 0.05 பெருக்கல் 3 என்று வரிசையாகத் தட்டினால் 1.15 வராது, 3.15 வரும், பெருக்கலை முதலில் செய்யாமல் வந்த வரிசையிலேயே போட்டுவிடும். செகண்ட், ஃபார்மட் அழுத்தி 6 என்று தட்டி என்டர் கொடுத்தால் ஆறு தசமம். அங்கிருந்து கீழ் அம்பை நாலு தடவை அழுத்தினால் ‘சிஎச்என்’ என்று வரும். செகண்ட், செட் கொடுத்தால் பெருக்கலை முதலில் செய்கிற ஏஓஎஸ் முறை ஆகிவிடும். ரீசெட் செய்தால் இரண்டும் பழையபடி திரும்பிவிடும், கவனம்.

ஒவ்வொரு வினைக்கும் ஒரு வகைத் தவறு

4.65 எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு, மற்ற வினைச்சொற்களையும் அதே கண்ணால் பார்க்கலாம். ‘விவரி’ என்று இருந்தால் தவறான விடைகள் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. உண்மையான வாக்கியமாகவே இருக்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியதாக இருக்கும். ‘ஒப்பிடு’ என்று இருந்தால் இரண்டு பொருளின் குணங்களை இடம் மாற்றி வைப்பார்கள்: ஃபார்வர்டுக்கு (பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசி இருவர் நேரடியாகப் போடும் ஒப்பந்தம்) உரிய எதிர்த்தரப்பு அபாயத்தை ஃபியூச்சர்ஸுக்கும் (அதையே சந்தை வழியாகப் போடுவது), ஃபியூச்சர்ஸின் தினசரிக் கணக்குத் தீர்வை ஃபார்வர்டுக்கும் மாட்டிவிடுவார்கள். ஃபார்வர்டைத் தனியாகவும் ஃபியூச்சர்ஸைத் தனியாகவும் நன்றாகப் படித்தவர்கூட இதில் தடுமாறுவார். ஏனென்றால் இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்ததே இல்லை. ‘ஒப்பிடு’ என்ற வரி கேட்பது அந்தத் தாளைத்தான்.

‘விளக்கு’ என்றால் காரணமும் விளைவும் திரும்பியிருக்கும், அல்லது விளைவு சரியாக இருந்து காரணம் தப்பாக இருக்கும். கூப்பன் (பத்திரம் இடையிடையே தரும் வட்டி) குறைந்த பத்திரத்துக்கு, மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது, டியூரேஷன் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் வாய் நின்றுவிடுகிறது. இதைச் சோதிக்க எளிய வழி, வாய்விட்டுச் சொல்லி, ‘ஏன்னா’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவது. கூப்பன் குறைந்தால் டியூரேஷன் கூடும். ஏன்னா, வருகிற பணத்தில் பெரும்பங்கு கடைசி நாளில் வருகிறது. ஏன்னா, இடையில் வருகிற கூப்பன் சின்னது. அதனால் டியூரேஷனுக்கு அடிப்படையான, பணம் வந்துசேரும் எடையிட்ட சராசரிக் காலம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஒரு ‘ஏன்னா’கூட வராமல் சொல்லி முடித்தால், அது விளக்கம் இல்லை, மனப்பாடம்.

இந்த வினைச்சொற்களைப் படிக்கட்டாக அடுக்குவது கல்வித்துறையில் பழைய வழக்கம். 1956-இல் பெஞ்சமின் ப்ளூம் தலைமையில் வந்த வகைப்பாடும், 2001-இல் வந்த அதன் திருத்தமும் அந்த வழியில்தான் போகின்றன: நினைவில் வைப்பது கீழ்ப்படி, மதிப்பிடுவது மேல்படி. தேர்வுக்குப் படிக்கிறவர் அந்தப் படிக்கட்டை அப்படியே நம்ப வேண்டாம். ‘கணக்கிடு’ மேலே இருந்தாலும் பல நேரம் சுலபம். சூத்திரமும் நிதானமும் இருந்தால் முடிந்தது. கீழ்ப்படியில் இருக்கிற ‘விவரி’யில்தான் பையன்கள் அதிகம் வழுக்குகிறார்கள். படித்தபோது புரிந்த மாதிரி இருந்ததே, அந்தப் ‘புரிந்த மாதிரி’யே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

குறுக்குத்துறை மண்டபமும் 19.74 லட்சமும்

எல்லாவற்றிலும் குழப்பமான இரட்டை ‘கால்குலேட் அண்ட் இன்டர்பிரெட்’. கணக்கிட்டுப் பொருள் சொல்வது. முக்கால்வாசிப் பேர் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள்.

எஃப்ஆர்எம் படிக்கிறவர்கள் தினமும் புழங்குகிற வேல்யூ அட் ரிஸ்க்கையே (சுருக்கமாக ‘வார்’, நஷ்ட அபாயத்தை ஒரே எண்ணில் சொல்லும் அளவு) எடுத்துக்கொள்வோம். 10 கோடி ரூபாய் முதலீடு, ஒருநாள் திட்ட விலக்கம் 1.2%, சராசரி லாபம் பூஜ்யம், இயல்நிலைப் பரவல். 95% நம்பிக்கை அளவில் ஒருநாள் ‘வார்’: 1.645 (இயல்நிலைப் பரவலில் 95 சதவீதத்துக்கான ஒருபக்க எண்) பெருக்கல் 1.2%, அதாவது 1.974%, ரூபாயில் 19.74 லட்சம். பத்து நாளைக்கு வேண்டுமென்றால் 10-இன் வர்க்கமூலமான 3.162-ஆல் பெருக்கி 62.42 லட்சம். இங்கே பாய் விரித்திருக்கும் இடங்கள்: இருபக்கத்துக்கான 1.96-ஐப் போட்டவருக்கு 23.52 லட்சம், 99 சதவீதத்துக்கான 2.326-ஐப் போட்டவருக்கு 27.91 லட்சம், வர்க்கமூலம் எடுக்காமல் பத்தால் பெருக்கியவருக்கு 197.4 லட்சம். இது கணக்கு. இதில் தப்புகிறவர்கள் குறைவு.

இப்போது பொருள். 19.74 லட்சம் என்றால் என்ன? “95 சதவீத வாய்ப்பில் 19.74 லட்சம் நஷ்டம் வரும்” என்பார் ஒருவர். “அதிகபட்ச நஷ்டம் 19.74 லட்சம்” என்பார் இன்னொருவர். இரண்டுமே தப்பு, இரண்டுமே விடைப்பட்டியலில் நிச்சயம் உட்கார்ந்திருக்கும். சரியானது இது: நூறு நாளில் ஐந்து நாள் அளவுக்கு நஷ்டம் இந்த எண்ணைத் தாண்டும் என்று எதிர்பார்க்கலாம். வருசத்துக்கு 250 வியாபார நாள் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று நாள். தாண்டினால் எவ்வளவு தாண்டும்? அதைப் பற்றி வார் வாயே திறக்காது.

நம் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைக்கப் புத்தகமே வேண்டாம், குறுக்குத்துறை போதும். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில். மழைக்காலத்தில் தாமிரபரணியில் தண்ணி எவ்வளவு என்று அளக்க ஊர் அந்தக் கோயிலைத்தான் பார்க்கும். மண்டபத்தைத் தொட்டுவிட்டதா, மூழ்கிவிட்டதா என்றுதான் பேச்சு. வருசத்தில் இத்தனை நாள் தண்ணி மண்டபத்தைத் தாண்டும் என்று சொல்வது வார். தாண்டுகிற நாளில் தலைக்கு மேல் எத்தனை அடி நிற்கும் என்பது அதில் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஊர் பார்த்தது அந்த இரண்டாவது விஷயத்தை. ‘தாண்டும் நாட்களில் சராசரியாக எவ்வளவு’ என்று கேட்பதுதான் எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால். நம் கணக்கில் அது சுமார் 2.475%, அதாவது 24.75 லட்சம். வங்கிகளுக்கான சர்வதேசப் பாசல் விதிகளில் சந்தை அபாயத்துக்கான மூலதனக் கணக்கு 99% வாரிலிருந்து 97.5% எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபாலுக்கு நகர்ந்தது இந்தக் குறையை வைத்துத்தான். இந்த வரலாறு ‘ஒப்பிடு’ என்ற வரிக்குத் தீனி. ‘பொருள் சொல்’ என்ற வரிக்கு மண்டபம் போதும்.

பொருள் சொல்ல வருகிறதா என்று பார்க்க ஒரு சோதனை: நிதி தெரியாத ஒருவரிடம், அம்மாவிடமோ சித்தப்பாவிடமோ, எண்ணைச் சொல்லாமல் சொல்லிப் பார்ப்பது. “சரி, அப்ப இதுக்கு மேல நஷ்டம் வராதுங்க, அப்படித்தான?” என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், நீங்கள் சொன்ன விதத்தில் தப்பு இருக்கிறது.

பந்தியில் கேட்ட சேதி

அறநெறிப் பகுதி தனிச்சாதி. சிஎஃப்ஏ முதல் நிலையில் அதற்கு 15 முதல் 20 சதவீதம் எடை. வேறு எந்தப் பாடத்துக்கும் அவ்வளவு கிடையாது. ஏழு தலைப்பில் நெறிகளை வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்கிறவர்கள் அதில் அடிவாங்குகிற காரணமும் வினைச்சொல்தான். அங்கே கேட்பது, ஒருவர் செய்தது நெறிக்கு உட்பட்டதா என்று ‘எவாலுவேட்’ செய்வது, மதிப்பிடுவது. வரிசை தெரிந்தால் மட்டும் மதிப்பிட முடியாது.

டவுனில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் மச்சினன். “அத்தான், எங்க கம்பெனி அடுத்த வாரம் பெரிய ஆர்டர் ஒண்ணு அறிவிக்கப் போகுது, வெளிய சொல்லிராதீங்க.” அத்தான் முதலீட்டு ஆய்வாளர். கேட்டதே மீறலா? இல்லை, காது மூடியா சாப்பிட முடியும்? அந்தப் பங்கை வாங்கினால் மீறல்; சேதி விலையை அசைக்கக்கூடியது, பொதுவில் வராதது. தான் வாங்காமல், கை கழுவுகிற இடத்தில் நண்பரிடம் “எதுக்கும் அந்தப் பங்கைப் பாத்து வையி” என்றால்? அதுவும் மீறல்தான். தானும் செயல்படக்கூடாது, பிறரைச் செயல்பட வைக்கவும் கூடாது. மூன்று விடையில் “தான் வாங்காததால் மீறல் இல்லை” என்பது கட்டாயம் ஒன்றாக இருக்கும். நல்ல பையன்கள் எல்லாம் அதைத்தான் தொடுவார்கள். இந்தப் பகுதிக்கு நெறி எழுதிய தாளைவிட, ஒவ்வொரு நெறிக்கும் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சொந்தமாக இரண்டு சம்பவம் எழுதிய தாள்தான் உதவும்.

நோட்டு எப்படி இருக்க வேண்டும்

செய்முறை என்று பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நீள நோட்டு ஒன்று. ஒவ்வொரு எல்ஓஎஸ் வரியையும் உங்கள் கையாலேயே இடது பக்கத்தில் எழுதுங்கள். அச்செடுத்து ஒட்டினால் கண் மறுபடியும் தாண்டிவிடும். வினைச்சொல்லுக்கு வட்டம், ‘தரப்பட்டால்’ போன்ற எல்லைச் சொற்களுக்கு அடிக்கோடு. ஒரே வரியில் இரண்டு வினை இருந்தால் அதை இரண்டு வரியாக உடைத்துவிடுங்கள். வலது பக்கம் காலி.

பாடத்தைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம், தெரிந்ததை வைத்து வலது பக்கத்தில் பென்சிலால் கிறுக்க வேண்டும். தப்பாக இருந்தால் இன்னும் நல்லது; படிக்கும்போது அந்தத் தப்பு வந்து இடிக்கும். படிக்கிறபோது, எந்தப் பத்தி எந்த வரிக்குப் பதில் சொல்கிறதோ அந்த வரியின் எண்ணைப் பத்தியின் ஓரத்தில் போடுங்கள். எந்த எண்ணும் விழாத பத்திகள் நிறைய வரும். அவற்றை ஒருதடவை வாசித்தால் போதும், மார்க்கரைத் தூக்கக்கூடாது. மஞ்சள் அடிக்கிற ஆசையில் பாதி இங்கேயே அடங்கிவிடும்.

மூன்றாவது படிதான் எல்லோரும் விட்டுவிடுவது. மறுநாள் சாயங்காலம், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வினை சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். கணக்கிடு என்றால் கால்குலேட்டரில் தட்டு. ஒப்பிடு என்றால் தாளை இரண்டாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுது. விளக்கு என்றால் வாய்விட்டுச் சொல்லி ‘ஏன்னா’வை எண்ணு. பிறகு அந்த வரிக்கு நீங்களே ஒரு கேள்வி தயாரித்து, இரண்டு தவறான விடை எழுதுங்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் பக்கத்தில், இன்ன சறுக்கலால் இது வரும் என்று அரை வரி. சரியான விடை எழுதுவது சுலபம். நம்பும்படியான தவறு எழுதத்தான் பாடம் தெரிய வேண்டும். ஒரு வரிக்கு இது பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். வரிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் செய்ய முடியாது. ஒரு நிலைக்கு 300 மணிநேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. அதில் கடைசி நாலைந்து வாரம் மாதிரித் தேர்வுக்குப் போய்விடும். கணக்கு, ஒப்பீடு, பொருள் சொல்வது இந்த மூன்று வகைக்கு மட்டும் செய்தாலே கை பழகிவிடும்.

மாதிரித் தேர்வு எழுத ஆரம்பித்த பிறகு தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு குறிப்பு போட வேண்டும்: எந்த வரி, எந்த வினை. முடிவு வரும்போது பாடவாரியாக எங்கே நின்றீர்கள் என்றுதான் தெரியும். எந்த வினையில் வழுக்கினீர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மேலே சொன்ன கல்லிடைக்குறிச்சிப் பிள்ளை இரண்டு மாதிரித் தேர்வுக்கு அப்படிக் குறித்துப் பார்த்தபோது, தான் பலவீனம் என்று நினைத்திருந்த டெரிவேட்டிவ்ஸில் (ஃபார்வர்டு, ஃபியூச்சர்ஸ் போன்றவை) தவறு அதிகம் இல்லை. தவறுகள் எல்லாப் பாடத்திலும் சிதறிக் கிடந்தன. ஆனால் பாதிக்கு மேல் ‘ஒப்பிடு’ வரிகளில். அதற்குப் பிறகு எந்தப் பாடத்தையும் திரும்பப் படிக்கவில்லை. அந்த ஒப்பிடும் தாள்களை மட்டும் எழுதித் தள்ளிற்று.

எங்கே இது உதவாது

இதையெல்லாம் சொல்லிவிட்டு, எல்ஓஎஸ்ஸே எல்லாம் என்று ஆடவும் கூடாது. ‘விவரி என்றுதானே இருக்கிறது, கணக்கு வராது’ என்று எண்ணையே பார்க்காமல் தாண்டுகிறவர்கள் உண்டு. சூத்திரம் போடச் சொல்லமாட்டார்கள் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் ஒன்று கூடினால் இன்னொன்று எந்தத் திசையில் போகும் என்று தாராளமாகக் கேட்கலாம். திசை தெரிய ஒருதடவையாவது எண்ணைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வரிகளின் எண்ணிக்கையை வைத்து எடை போடுவதும் தப்பு. பத்து வரி உள்ள பாடம் ஐந்து வரி உள்ளதைவிட இரட்டிப்பு முக்கியம் என்று அர்த்தமில்லை. எடை தனியாக அறிவிக்கப்படுகிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய புத்தகப் பிரச்சினை ஒன்று. சீனியர் பாதி விலைக்குத் தருகிற செட்டை வாங்குவது நம் ஊரில் நல்ல பழக்கம், தப்பில்லை. ஆனால் எல்ஓஎஸ் வரிகள் வருசாவருசம் மாறும். 2024-இலிருந்து முதல் நிலையின் அடிப்படைப் பகுதிகள் சில, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை என்று தனியாக ஒதுக்கப்பட்டுவிட்டன. புத்தகத்தை வாங்கிய அன்றே, நீங்கள் எழுதப்போகிற வருசத்து வரிப்பட்டியலையும் பழைய புத்தகத்தின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இல்லாதவற்றை அடித்து, புதியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். வினை மட்டும் மாறிய வரிகளைக் கூடுதலாகக் கவனியுங்கள். போன வருசம் ‘விவரி’ என்று இருந்தது இந்த வருசம் ‘கணக்கிடு’ ஆகியிருந்தால், பழைய புத்தகத்தில் அதற்குப் பயிற்சிக் கணக்கே இருக்காது.

தேர்வுக்குச் சென்னை போகிறவர்கள் பெரும்பாலும் முந்தின ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறார்கள். அந்த வண்டியில் பாடத்தொகுதியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மணியாச்சி தாண்டுவதற்குள் மடியில் வைத்தபடியே தூங்கிவிடுவார்கள். எடுத்துப் போக வேண்டியது, புத்தகத்தை மூடிவிட்டுச் செய்ய இன்னும் வராத வரிகளை மட்டும் நகலெடுத்த ஒரே ஒரு தாள். இருபது வரிக்கு மேல் அதில் இருக்கக்கூடாது. இருந்தால் எடை குறைந்த பாடத்தின் வரிகளைத் தயங்காமல் அடித்துவிடலாம். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்கமாட்டார்கள், அந்தக் கேள்விகளுக்கு ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டு நகரலாம். 180 கேள்விக்கு நாலரை மணிநேரம், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடந்தான். பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று விழுப்புரத்தில் தேடாமல் நெல்லை ஜங்ஷனிலேயே பாருங்கள். இறங்குவதற்கு முன் கால்குலேட்டரை எடுத்து 1 கூட்டல் 0.05 பெருக்கல் 3 என்று ஒருதடவை தட்டிப் பாருங்கள். 3.15 வந்தால் எழும்பூர் வருவதற்குள் சரிசெய்ய நேரம் இருக்கிறது.